தோற்றவர் ஆட்டத்தையே படித்த பினாங்கார்

அன்னவாசலில் ஒருவருக்குச் சொன்ன தேதியில் சட்டை கிடைத்துவிட்டது என்றால், அவர் பினாங்காரிடம் துணி கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பினாங்கார் என் வீட்டுக்காரர். பேரை நான் சொல்லக் கூடாது. ஊரும் பேர் சொல்லாமலே கூப்பிட்டது, எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. பினாங்கில் ஒரு சீனர் தையல் கடையில் வேலை பார்த்தவர். சண்டை வருகிறது என்று ஆளாளுக்குப் பட்டும் கடிகாரமும் மூட்டை கட்ட, இவர் ஒரு கட்டுப் பழைய சீனப் பத்திரிகையோடு கப்பலேறினார்.

பத்திரிகை பூராவும் ஆட்டப் படம். கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் ஒருவர் கருப்புக் கல், ஒருவர் வெள்ளைக் கல் என்று மாற்றி மாற்றி வைத்து இடம் வளைக்க வேண்டும். அதிகம் வளைத்தவருக்கு ஜெயம். அதையே பிழைப்பாக ஆடுகிறவர்கள் உண்டாம். அவர்கள் எதற்குப் பின் எதை வைத்தார்கள் என்று படத்தில் சீன எண் இருக்கும். அளவு குறித்துப் பழகியதால் அந்த எண் மட்டும் இவருக்குப் படிக்க வரும். துணி வெட்டும் பலகையில் சாக்கட்டியால் கோடு போட்டு, புளியங்கொட்டையும் வெள்ளை மொச்சையும் வைத்து அப்படியே திரும்ப ஆடுவார்.

"பினாங்காரே, என் சட்டை?"

"கருப்பு முழிச்சுக்கிட்டு நிக்கிது. செத்த இருங்கண்ணே."

எந்த ஆட்டத்தைப் படிப்பது என்பதில்தான் அவர் கிறுக்கு. பெரிய கெட்டிக்காரர்கள் ஜெயித்த ஆட்டத்தையெல்லாம் ரவிக்கைக் கைக்கு அளவுக் காகிதமாக வெட்டிவிட்டார்.

"செயிச்சவுக ஆட்டத்தைப் படிச்சாத்தானேங்க நாம செயிக்கலாம்?"

"அவுக ஏன் அங்க வச்சாகன்னு நமக்கு ஏழு சென்மத்துக்கும் வெளங்காது புள்ள. தப்புப் பண்ணவுகதான் நம்ம சொந்தக்காரவுக. எங்கிட்டுத் தப்புனாகன்னு தெரிஞ்சா, அந்த ஒண்ணையாச்சும் நாம பண்ணாம இருக்கலாம்ல?"

அதிலும் சின்ன ஆட்டம்தான் எடுப்பார். நீளமானதென்றால் சோறு ஆறிவிடுமாம்.

அரிசி கிடைக்காத நாளில், வேறு வழியில்லாமல் மொச்சையை அள்ளிக் குழம்பு வைத்துவிட்டேன். பலகையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"சமஸ்தானத்துலயே வெள்ளைக்காரனைக் கொழம்பு வச்ச மொத ஆளு நீதான்" என்றார். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தவர், கட்டிலருகே பலகையைப் போடச் சொன்னார். இருந்ததிலேயே நீளமான ஆட்டத்தை எடுத்தார்.

"வைத்தியரு ஒக்காரவே கூடாதுங்கிறாரு. சின்னதா எடுங்க."

"சின்னதுன்னா சீக்கிரம் தீந்துரும்ல" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கருப்பு நன்றாகத்தான் ஆடியது. ஆனாலும் தோற்றது. எங்கே விட்டது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடி இடத்தைக் காட்டுவார், நான் கல்லை வைப்பேன். தெரியாமலேதான் ஐப்பசி மழையில் போனார்.

அவர் பாக்கி வைத்த சட்டைகளை இப்போது நான் தைக்கிறேன். வேலை முடிந்ததும் கோடு போட்டு அதே ஆட்டத்தை ஆடிப் பார்ப்பேன். நேற்றுப் பிடிபட்டது. மூலையில் ஒற்றைக் கருப்புக் கல், வெள்ளை சுற்றி அடைத்ததில் சாகக் கிடக்கிறது. அதைக் காப்பாற்றக் கருப்பு பின்னாலேயே போகிறது. அதற்குள் வெள்ளை நடுப்பக்கம் பூராவும் வளைத்துவிடுகிறது.

"ஏங்க, கண்டுபிடிச்சுட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கண்டுபிடித்து என்ன? அந்த ஒரு தப்பை நானும் பண்ணத்தான் செய்வேன்.