மார்க் ஏற்றும் மெஷினில் உங்கள் அண்ணன் குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூட ஆபீசுக் கம்ப்யூட்டரில் இருக்கிற மார்க்கெல்லாம் மேலிடத்துக் கல்வி ஆபீசுக் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போகும்படி உங்கள் அண்ணன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போனார் அல்லவா, அவர் போன கையோடு அதுவும் மக்கர் பண்ணிவிட்டது. வகுப்பில் புதுசாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் இங்கே ஏறி அங்கே ஏறவில்லையாம், அவளுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தனக்கு நேர் மேலே இருக்கிறவர் மார்க் விழுந்து, எப்போதும் முதலாவதாக வருகிற பெண் பெயிலாகி, புத்தகத்தையே திறக்காத ஒருவன் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி, அவன் அப்பா சைக்கிளே வாங்கிக் கொடுத்துவிட்டார். "கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான் மேடம், மார்க்கு அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்று பெரிய டீச்சரிடம் வந்து நிற்கிறார்.

இங்கேயும் அங்கேயும் கூட்டுத்தொகை ஒத்துப்போகாவிட்டால் கத்தும்படி உங்கள் அண்ணன் அதைப் பழக்கியிருக்கிறார். கம்ப்யூட்டர் டீச்சர் சத்தத்தை அணைத்து வைத்திருந்தாராம். பெரிய டீச்சர் சத்தத்தைப் போட்டு ஓட்டச் சொன்னதும், "எங்கயோ உதைக்குது! முதல்ல இருந்து பாரு!" என்று செத்தவர் குரல் கேட்டு, கம்ப்யூட்டர் டீச்சர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். உடனே எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

"இது உங்க வீட்டுக்காரர் குரல்தானேம்மா?"

"ஆமாம் மேடம். என்கிட்டயும் இதையேதான் சொல்லுவார்."

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வார்த்தை வராதாம். வீட்டிலும் அப்படித்தானே, சமையல் நன்றாக இருந்தால் வாயே திறக்க மாட்டார்.

மாதக் கடைசிக்குள் மார்க் போகாவிட்டால் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பில் இடம் கிடைக்காது. நம் குடும்பத்தில் இந்த வேலை தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான். லீவு போட்டுவிட்டு உடனே வந்து சரி செய்து கொடுங்கள். பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள், பயணத்தில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: தபாலில் போடாமல் வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. நீங்கள் வர வேண்டாம். டீச்சர்கள் எல்லாரும் உட்கார்ந்து கையாலேயே மார்க்கை ஏற்றி முடித்துவிட்டார்கள். ஸ்கிரிப்டை யாரும் தொடக் கூடாது என்று பெரிய டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். சரியாகிவிட்டால் அப்புறம் அவர் பேச மாட்டார். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் டீச்சர் மேலிடத்து லைனைக் கழற்றிவிட்டு எனக்காக ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிறார். இன்றைக்கும் உதைத்தது.