எண்ணூற்றைம்பது வாட்

மனைவியிடம் நான் கேட்கக் கூடாது. அவளே "வாங்கித் தொலைங்க" என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று தீர்மானித்தேன். கல்யாணமானதிலிருந்து நான் எடுத்த ஒரே தீர்மானம் இது. மற்றதெல்லாம் அவள் எடுத்தது.

அப்போது உதிரி பாகங்களாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கணக்கு எழுத என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். உண்மையில் எனக்கு வேண்டியது கார் பந்தய விளையாட்டு. ரோட்டில் என்னை ஸ்கூட்டரில் வரும் எல்லோரும் முந்துகிறார்கள். திரையிலாவது நான் முந்த வேண்டாமா? அந்த வேகத்துக்குத் திரையில் படம் ஓட கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நேரே கேட்டால், "வெளையாடற வயசா இது?" என்பாள்.

ஆகவே சுற்றி வளைத்தேன். பாகங்களுக்கெல்லாம் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் பாக்கி. "உங்களுக்கு நானூத்தம்பது வாட்டே தாராளம் சார்" என்றார் கடைக்காரர். நான் எண்ணூற்றைம்பது வாங்கினேன். பெரிதாக வாங்கிவிட்டு, வீணாகிறதே என்று புலம்பினால் கார்டு தானாக வரும் என்பது என் திட்டம்.

மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வீடுகளுக்குச் சமையலறை வடிவமைத்துக் கொடுப்பவள். எதையும் எடை போட்டுத்தான் பேசுவாள்.

"உள்ள செங்கல் வச்சுட்டானா?"

"பவர் சப்ளைம்மா. எண்ணூத்தம்பது வாட்."

"இதுக்குத்தான் ஒரு வாரமா என்னை வாட்டினீங்களா? நம்ம மிஷினுக்கு எவ்வளவு வேணும்?"

"எரநூறு வந்தா அதிகம்."

"மிச்சம்?"

பெருமூச்சு விட்டேன். குளியலறையில் ஒத்திகை பார்த்த பெருமூச்சு.

"சும்மா கெடக்குது. பாவம்."

"கெடக்கட்டும். இந்த வீட்டுல எத்தனையோ சும்மா கெடக்குது" என்றாள், என்னை ஏற இறங்கப் பார்த்து.

நான் விடவில்லை. சாப்பிடும்போது புலம்பினேன். பல் தேய்த்துக்கொண்டே புலம்பினேன்; நுரை சட்டையில் விழுந்தது. தனியாளுக்கு ஒரு முழு பஸ் பிடித்த மாதிரி இருக்கிறதே என்று உருகினேன். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"இப்ப என்னதான் செய்யணும்கறீங்க?"

"கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்காம். கேள்விப்பட்டேன். அதைப் போட்டா கரன்ட்டை நல்லாச் சாப்பிடுமாம்."

"சாப்பிட்டுட்டு என்ன செய்யும்?"

"படமெல்லாம் தத்ரூபமாத் தெரியும். வெளிச்சம், நெழல், பளபளப்பு..." பந்தயக் காரை நினைத்துச் சொன்னேன்.

"கிரானைட் பளபளக்குமா?"

"கிரானைட் என்ன, ஸ்டீலே பளபளக்கும்!"

"சரி. வாங்கிடலாம்."

அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தால், கம்ப்யூட்டர் அவள் மேஜையில் இருக்கிறது. மூடியைக் கழற்றி, தடித்த வயரைப் புதுக் கார்டில் அவளே சொருகிக்கொண்டிருக்கிறாள்.

"கடைக்காரர்ட்ட போன்ல கேட்டேங்க. இந்தக் கார்டுக்கு எழுநூத்தம்பது வாட்டாவது வேணுமாம். நீங்க எண்ணூத்தம்பதே வாங்கி வச்சிருக்கீங்கன்னதும், 'சார் வெவரமானவர்'ன்னார்."

நெஞ்சு நிமிர்ந்தது. சுவிட்சைத் தட்டினாள். திரையில் கார் வரவில்லை. யாருடைய வீட்டுச் சமையலறையோ வந்தது.

"இதென்ன?"

"புது ஆர்டர். என் லேப்டாப்புல ஒரு சமையலறைப் படம் முழுசா வர பாதி நாள் ஆகுது. பெரிய மிஷின் வேணும்னு உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு மாசக்கணக்கா தவிச்சேன். நான் கேக்காமலே நீங்களே பூட்டி, பவரையும் பெரிசாப் போட்டு, அதுக்கு மேல கார்டு வாங்கச் சொல்லி என்கிட்டயே கெஞ்சினீங்க!"

"அப்ப நான் எப்ப..."

"எப்ப என்ன?"

"வீட்டுக் கணக்கு எழுதறது?"

"என் பழைய லேப்டாப் இருக்கே. கூட்டல் கழித்தலுக்கு அது தாராளம்."

வேறு வழியில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் குழாய், அடுப்பு, ஜன்னல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பளபளத்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினேன்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மிஷினுக்குக் காத்து வரல."