‘இன்னொண்ணு காட்டு’ சாரும் இரண்டு படகுகளும்

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் ‘இன்னொண்ணு காட்டு’ சாரைப் போல அடுத்தவர் உயிரை வாங்கியவர் யாரும் கிடையாது. தாம்பரம் மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே தேங்காய்க்காரர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். செருப்புக் கடையில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் எத்தனை ஜோடி எடுத்துப் போட்டாலும் "இன்னொண்ணு காட்டுப்பா" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

போன வருஷம் அவர் மகள் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட இருந்தாள். மறுநாள் விமானம். சாரின் மனைவி சரோஜா அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. "எல்லாரும் ஒரே போட்டுல உக்காந்து ஒரு ரவுண்டு போகணும். ஒரு போட்டோ எடுத்துக்கணும். இனிமே எப்ப பார்க்கப் போறோமோ" என்றார். வேனில் இடம் இருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். என் தலையெழுத்து.

கோவளம் பக்கம் படகுத்துறையில் இரண்டு மிதவைப் படகுகள் நின்றன. அடியில் டிரம்கள், மேலே பலகை, நாற்காலி, கூரை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். சார் குனிந்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இன்னா சார் பேஜார் பண்றே. ரெண்டும் திருமுடிவாக்கத்துல ஒரே பட்டறையில செஞ்சு ஒரே லாரியில வந்தது" என்றார் படகுக்காரர்.

"கிழக்கு பார்த்த சீட்டு எதுலப்பா அதிகம்?"

"போட்டு திரும்பிக்கினே இருக்கும் சார். கிழக்கும் வரும், மேற்கும் வரும்."

சார் இதில் ஏறி இறங்கினார், அதில் ஏறி இறங்கினார், மறுபடியும் இதற்கே வந்தார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள். பேத்தி அழுது ஓய்ந்து தூங்கியே விட்டாள். பொழுது சாய்ந்து, டிக்கெட் கவுன்ட்டரின் ஷட்டரும் இறங்கிவிட்டது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்காகவே சண்டை போட்ட சரோஜா அக்கா அன்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சார் அதைப் பார்த்து ஆடிப்போய், படகுக்காரரிடம் ஓடினார்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லப்பா. ஏதோ ஒண்ணை எடுப்பா."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"டைம் முடிஞ்சிச்சு சார். இப்ப எடுத்தா என் வேலை பூடும். கட்டிப் போட்டிருக்கிறதுல வேணா உக்காரு, போட்டோ எடுத்துத் தரேன்."

கயிற்றில் கட்டிய படகில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அது ஓர் அடிகூட நகரவில்லை. சார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீ கண்ண மூடிக்கினே. இன்னொண்ணு எடுக்கவா?"

"வேணாம்பா. இதுவே நல்லா இருக்கு" என்றார் சார், போனைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே.

அதற்குப் பிறகு அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.