நீ சொன்னியாமே, மொத ரைடு யாருன்னு

சுண்டு,

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி சங்கிலிக்கு அக்கா பவுனு எழுதும் கடிதம். இங்கு நான், ஆடு, பக்கத்து வீட்டு ராஜாத்தி எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவதைப் பார்த்தால், நீயும் அங்கு சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். முதல் நாலு வரிதான் டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரி வரும். அதுக்கு மேல என் பேச்சுதான் வரும், பொறுத்துக்க. அஞ்சாப்போட நான் நின்னது யாரப் படிக்க வைக்கன்னு உனக்குத் தெரியும், அதப் பத்தி இப்பப் பேச்சு இல்ல.

விசயத்துக்கு வாரேன். உசுரோட இருக்கையில நீ எம்புட்டுப் பேசுவேன்னு எனக்குத் தெரியும். காலையில "அக்கா, தண்ணி". ராத்திரி "அக்கா, போதும்". நடுவுல ஒண்ணும் கெடையாது. காலேஜுல பி.டி. சாரா இருந்தும் அங்கனயும் அதே கததானாம். வெசிலு ஊதுவ, மொறைப்ப, அம்புட்டுத்தான். கபடி மேட்ச்சு அன்னைக்கு மொத ரைடு யாரு போறதுன்னு கோட்டுக்கிட்ட போய் நிக்கிற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. பயலுக வரிசையாக் குனிஞ்சு நிப்பாய்ங்களாம், நீ பின்னாலயே நடந்து வந்து ஒருத்தன் பின்கழுத்துல, பெடதியில ஒரு தட்டுத் தட்டுவியாம், தட்டு வாங்குனவன் போவானாம். அப்படி வாயத் தொறக்காத மனுசன், செத்த பெறகு இம்புட்டுப் பேசியிருக்கியேடா. ஊரு பூராம் பேசியிருக்க. ஒரு ஆளு விடாமப் பேசியிருக்க.

மொதல்ல ஆரம்பிச்சது கர்ணன். வாழத்தாரு மண்டி வச்சிருக்காகள்ல, வருசா வருசம் டீமுக்குப் பனியன் எடுத்துக் குடுப்பாகளே, அவுகதான். ஒன்னயக் கண்ணாடிப் பெட்டியில வச்சு கரண்டு குடுத்துருக்கு, நான் தலமாட்டுல ஒக்காந்து ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்கேன். மால போட்டாக, பெட்டி மேல கைய வச்சாக, ஓன்னு அழுதாக. அழுதுக்கிட்டே, "சங்கிலி, முந்தாநேத்துக்கூட எங்கிட்ட வாய் நெறையச் சொன்னியேப்பா, இந்த வருசம் பாண்டிதான் மொத ரைடுன்னு" அப்பிடின்னாக. பாண்டீஸ்வரன் யாரு? அவுக பெத்த மவன். நான் பாதி ஒப்பாரியில நிறுத்திட்டேன். ஒடனே அந்தப் பக்கத்துல இருந்து டீக்கடைக்காரரு மூக்கச் சிந்திக்கிட்டே, "அது எப்பிடிங்க, சாரு என் கடையில கிளாஸக் கையில வச்சுக்கிட்டு மேகமலைப் பய விஷாலுதான்னு சொன்னாரே" அப்பிடின்னாரு. கர்ணன், "எப்ப சொன்னான்?" "காலையில." "எங்கிட்ட சாயங்காலம் சொன்னான், காலையில சொன்னது செல்லாது." ஒன்னய நடுவுல வச்சுக்கிட்டுப் பேசுறாக, நீ கம்முன்னு கெடக்க. அப்பவும் ஒரு மொறைப்பு மொறைச்சிருந்தா அடங்கியிருப்பாக.

போன வருசம் மொத ரைடு போன பய படிப்ப முடிச்சுட்டுக் கெளம்பிட்டான், அந்த எடம் காலி, ரெண்டு பயலுக நிக்கிறாய்ங்க, இம்புட்டுதான் எனக்குத் தெரியும். பாண்டி தோளும் தொடையும் ஒரலாட்டம் இருப்பான், உள்ள போனா நாலு பேத்த இழுத்துக்கிட்டு வருவான், வெளிய வந்தா சலூன் கண்ணாடியில நின்னு மீசையப் பாப்பான். விஷாலு எஸ்டேட்டுக் கூலிக்காரக லயத்துல இருந்து எறங்கி வந்து ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிற பய, காலு மட்டுந்தான் இருக்கு ஒடம்பு இல்ல, நின்ன எடத்துல இருந்து காலை நீட்டுனா சின்னமனூரு பஸ்ஸ்டாண்டத் தொடும். டீமுல இல்லேன்னா ஆஸ்டலும் இல்ல, மறுபடி மலையேறி ஏலக்காக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். இது ரெண்டுல நீ யாரச் சொன்னேன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாக. முடி வெட்டுறவரு, நீ அவருட்ட அரைமணி நேரம் பாண்டியப் பத்திப் பேசுனதாச் சொல்றாரு. ஏலே, ஒன் தலையில மயிரே கெடையாது, அங்க எதுக்குடா போன? பஸ்சு கண்டக்டரு, விஷாலுன்னு சொல்லிட்டு நீ டிக்கெட்டு வாங்குனதாச் சொல்றாரு. நீ மோட்டார்சைக்கிள்லதான போவ? பிரின்ஸ்பாலு ஞானதுரை சாரு படிச்சவரு, அவரு கூட, "சங்கிலி எங்கிட்ட ஜாடையாச் சொன்னாரும்மா, ஆனா யாருன்னு எனக்குப் புடிபடல, கமிட்டி போட்டுறலாம்" அப்பிடின்னாரு.

இதெல்லாம் போகட்டும், கருமாதிதான் கூத்து. உருமா கட்டணும்ல, செத்தவன் எடத்துக்கு வர்றவன் தலையில? நீதான் கல்யாணமும் கட்டல, புள்ளகுட்டியும் இல்ல. கொள்ளி வச்ச பங்காளி மவன் மறுநாளே திருப்பூருக்கு பஸ்சு ஏறிட்டான், லீவு இல்லையாம். கெங்குவார்பட்டியில இருந்து நம்ம தாய்மாமன் புதுத் துண்டோட வந்து நிக்கிறாரு, யாரு தலையில கட்டுறதுன்னு தெரியல. அப்ப கர்ணன் எந்திரிச்சு, "சங்கிலிக்கு டீமு பயலுகதான் புள்ளைக, அதுல ஒருத்தனுக்குக் கட்டுவோம்" அப்பிடின்னாக. நல்ல வார்த்ததான், எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வந்த தண்ணி தொடைக்கிறதுக்குள்ள டீக்கடைக்காரரு, "அப்ப உருமா கட்டுறவன்தான் மொத ரைடு, பேச்சு மாறக்கூடாது" அப்பிடின்னாரு. அம்புட்டுதான். எலையில சோத்தப் போட்டாச்சு, ஒருத்தரும் கைய வைக்கல. பாண்டி கட்சி ஒரு பந்தி, விஷாலு கட்சி ஒரு பந்தியா மாறி ஒக்காந்துட்டாக. பாயசத்த எங்கிட்டு மொதல்ல ஊத்துறதுன்னு பரிமாறுற பய முழிக்கிறான். மாமா துண்ட ரெண்டு கையிலயும் விரிச்சுப் புடிச்சபடி கொடிக்கயிறு மாதிரி நிக்கிறாரு, "ஏம்ப்பா, இது எந்த ஊரு வழக்கம்? கபடின்னா பொங்கலுக்குத்தான வெளாடுவாக" அப்பிடின்னு கேக்குறாரு, அவரு கேட்டது ஒருத்தரு காதுலயும் ஏறல. பூசாரி வேற நல்ல நேரம் போகுது போகுதுங்குறாரு.

கடைசியில ராஜாத்திதான் சத்தம் போட்டா. "ஆம்பளைக எல்லாம் வாய மூடுங்க. கூடப்பொறந்தவ பவுனு மதினி இருக்காகள்ல, அவுகட்ட சொல்லாமலா ஒங்ககிட்ட எல்லாம் சொன்னாரு?" எல்லாரும் எம்பக்கம் திரும்பிட்டாக. எங்கையில சாம்பாரு கரண்டி. நான் மொதல்ல பயலுகளக் கேட்டேன். "ஏலே பாண்டி, சாரு ஒங்கிட்ட என்னடா சொன்னாரு?" "அத்த, சாரு வாயால சொல்லல, கண்ணாலயே சொல்லிட்டாரு, நீதாண்டா மொத ரைடுன்னு." சுத்தி நின்ன டீமு பயலுகளும் ஆளுக்கொண்ணு சொன்னாய்ங்க. விஷாலு அங்கன இல்ல. அவன் கொழாயடியில சட்டியத் தேச்சுக்கிட்டு இருக்கான். நீ போன நாளுல இருந்து அவன்தான் தண்ணி புடிச்சு ஊத்துறது, ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போடுறது எல்லாம். "விஷாலு, ஒங்கிட்ட என்னப்பா சொன்னாரு?" அவன் கரிக்கையோட எந்திரிச்சு நின்னு, "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா" அப்பிடின்னான். டீக்கடைக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு, "பொழைக்கத் தெரியாத பயலே, சொன்னாருன்னு சொல்லேண்டா!"

அப்பத்தான் நான் நீ சொன்னதச் சொன்னேன். "அன்னைக்குக் காலையில கெளம்புறப்ப அடுப்படி வாசல்ல நின்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். விஷாலுதான்." கர்ணன், "சத்தியமாவா யக்கா?" அப்பிடின்னாக. "எந்தம்பி மேல சத்தியம்." நான் என் இஷ்டத்துக்கா சொன்னேன்? நீ சொன்னதத்தான சொன்னேன். மாமா உருமா கட்டப் போனாரு, எட்டல. பய பனமரமாட்டம் நிக்கிறான். "குனிடா"ன்னா வெக்கப்பட்டுக்கிட்டு இன்னும் நிமுருறான். முக்காலி போட்டு ஏறி மாமா கட்டுனாரு, அவரு எறங்குறதுக்கு ரெண்டு பேரு புடிச்சாக.

அதுக்கப்புறம் பெரியகுளத்துல மேட்ச்சு. என்னயும் வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாய்ங்க. மாங்கா பெருத்த ஊருன்னு பேரு, அந்தக் கிரவுண்டுல நெழலுக்கு ஒரு செடி இல்ல. பயலுக பழக்கதோசத்துல வரிசையாக் குனிஞ்சு நின்னாய்ங்க. பின்னால நீ இல்ல. நின்ன மேனிக்கே நிக்கிறாய்ங்க, நிமுரமாட்டேங்குறாய்ங்க. ஞானதுரை சாரு கைய ஒசத்தி ஒசத்திப் பாத்துட்டுக் கீழ போட்டுட்டாரு. "நீங்க தட்டுங்கம்மா" அப்பிடின்னாரு. நான் போய் விஷாலு பெடதியில தட்டுனேன். தட்டு வாங்குனவன் மட்டும் நிமுந்தான், மத்தவன் எல்லாம் குனிஞ்சபடி அழுதாய்ங்க. பாண்டிதான் எல்லாருக்கும் மேல தேம்புனான்.

போனான்டா ஒன் விஷாலு. கோட்டத் தொட்டுக் கும்புட்டான், கபடி கபடின்னு பாடிக்கிட்டே உள்ள போனான், அம்புட்டு நீளக் காலை நீட்டுனான், எதுத்தாப்புல இருந்தவன் கணுக்காலப் புடிச்சு ஒரு அமுக்கு, அவுட்டு. நான் ஒக்காந்த நாற்காலி சூடு ஏறல, அதுக்குள்ள அவுட்டு. பின்னாலருந்து கர்ணன் சத்தம், "எங்க சங்கிலி இந்தப் பயலையா சொல்லியிருப்பான்? பொம்பள பேச்சக் கேட்டு..." திரும்பிப் பாத்தேன். பேசுன வாய வெத்தலை போட்டு மூடிக்கிட்டாக. அப்பறம் பாண்டி போயி ரெண்டு பேத்தத் தொட்டுட்டு வந்தான், அதுல விஷாலு மறுபடி உள்ள வந்தான். முடியப்போற நேரம், ரெண்டு டீமும் சமம். கடைசி ரைடுக்கு யாரு போறதுன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. பாண்டியே விஷால முன்னால தள்ளிவிட்டு, "போடா ஒட்டடைக்கம்பு" அப்பிடின்னான். பய போயி, உள்கோட்டுக்கு அங்கிட்டுப் பெருவெரல மட்டும் லேசா வச்சுட்டுத் திரும்பிட்டான். போனசு பாயிண்டாம். செயிச்சுட்டாய்ங்க.

செயிச்சதும் கர்ணன் எல்லாத்தையும் கூட்டி வச்சுச் சொல்றாக: "சங்கிலி எங்கிட்ட சொன்னது இதுதான்யா. மொதல்ல விஷாலு போவான், மாட்டுவான், பாண்டி உசுரு குடுப்பான், விஷாலு முடிப்பான். அப்பிடியே நடந்துருச்சு." நீ சேந்தாப்புல இம்புட்டு வார்த்த பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல, மவராசன் கர்ணனுக்குக் குடுத்து வச்சிருக்கு.

இப்ப அடுத்த மேட்ச்சு மருதையில. பாண்டியா விஷாலான்னு மறுபடி ஆரம்பிச்சுட்டாக. நேத்து கர்ணன் வாழத்தாரும் வெத்தலபாக்குமா வந்து வாசல்ல நிக்கிறாக. "யக்கா, அடுத்ததுக்கு சங்கிலி என்ன சொல்லியிருக்கான்?" அப்பிடின்னு கேக்குறாக. குறி கேக்க வந்த மாதிரி செருப்ப வேற கழத்திப் போட்டுட்டாக. நான் கேட்டுச் சொல்றேன்னு அனுப்பி வச்சேன். ராஜாத்தி, "ஒரு போர்டு எழுதி மாட்டுங்க மதினி, சங்கிலி சாரு சொன்னது இங்கன சொல்லப்படும்னு" அப்பிடின்னு சிரிக்கிறா. தாரு பழுத்துக்கிட்டு இருக்கு, ஆடுதான் தின்னுது.

வேற விசேசம் இல்ல. அங்கன வெயில்ல நிக்காத. வெசில எந்நேரமும் பல்லுல கடிச்சுக்கிட்டு இருக்காத, கிரவுண்டுல நீ சாஞ்சப்பவும் அது ஒன் வாயிலதான் இருந்துச்சுன்னு சொன்னாக. ஆத்தாவும் அப்பனும் அங்கன இருந்தா அக்கா கேட்டதாச் சொல்லு, அவுககிட்டயாவது ரெண்டு வார்த்த பேசு. இந்தக் கடுதாசிய அம்மாவாசைக்கு ஒன் எலைக்கு அடியில வைக்கப்போறேன். எவனாச்சும் எடுத்துப் படிப்பான், படிக்கட்டும், அதுக்குத்தான் எல்லாத்தையும் வெவரமா எழுதியிருக்கேன்.

ஒன்னய இடுப்புல வச்சிருந்த
அக்கா பவுனு

பின்குறிப்பு: இது வேற தாளு. இத எலைக்கு அடியில வைக்கல, அடுப்புல போடப்போறேன், அதுதான் ஒங்கிட்ட சீக்கிரம் வரும். நீ எங்கிட்ட விஷாலுன்னு சொல்லல. பாண்டின்னும் சொல்லல. சத்தியம் பண்ணுனேனே, அது பொய்ச்சத்தியம், ஆனா ஒம்மேல பண்ணுனது, இனிமே ஒன்னய என்ன செய்யும்? ஊருல இருக்க அம்புட்டுப் பேருகிட்டயும் நீ சொல்லியிருக்க, ஒண்ணும் சொல்லலன்னு சொன்னவன் அந்த ஒரு பயதான். எங்கிட்டயும் நீ ஒண்ணும் சொல்லல. அதான் அவன் பேரு வாயில வந்துருச்சு, கபடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ போன அன்னைக்குக் காலையில நான் மிக்சியில சட்டினி அரைச்சுக்கிட்டு இருந்தேன். நீ பூட்சு கயித்தக் கட்டாம அடுப்படி வாசல்ல வந்து நின்ன. "அக்கா, ஒண்ணு சொல்லணும்" அப்பிடின்ன. நீயா வந்து அப்பிடிச் சொன்னதே இல்லையேன்னு எனக்குத் தோணியிருக்கணும். நான் மிக்சிய நிறுத்தல. "சாயங்காலம் வந்து சொல்லேண்டா, இப்ப என்ன குடி முழுகிப்போச்சு"ன்னேன். நீ லேசாச் சிரிச்சுட்டு, நெஞ்ச ஒரு தடவு தடவிக்கிட்டு வெளிய போயிட்ட. பாண்டின்னு சொல்ல வந்தியா, விஷாலுன்னு சொல்ல வந்தியா, இல்ல முந்துன நாளு கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்ல வந்தியா, இல்ல நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுதுக்கான்னு சொல்ல வந்தியா? என்னடா சொல்ல வந்த, சுண்டு?