மயில்கழுத்துக் கலரில் ஒரு பேஸ் கிட்டார்

மானாம்பதி.

ஓசூரில் வசிக்கும் அன்பு மச்சான் கலைச்செல்வனுக்கு, மாமா கன்னியப்பன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நான், உன் அக்கா கோவிந்தம்மாள், மகள் இளவரசி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொன்னால் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்துவாள். வாட்ஸ்அப்பில் போட்டால் நம் குடும்பக் குரூப்புக்கு இளவரசிதான் அட்மின். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். ஆவணியில் வைத்திருக்கும் கல்யாணம் ஒரு கிட்டாரின் நிறத்தால் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. இளவரசி ஏனாத்தூரில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாளில் காஞ்சிபுரம் கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது உனக்குத் தெரியும். நாலு தடித்த கம்பி, தும் தும் என்று அடிவயிற்றில் கேட்குமே, அது. மாப்பிள்ளை வினோத்குமார் வாலாஜாபாத்தில் ஷெட் போட்டு, ஆர்டரின்பேரில் கிட்டார் செய்து கொடுப்பவர். கச்சேரியில்தான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு இவள் வாசிக்கட்டும் என்று தன் கையாலேயே ஒன்று செய்து, போன வாரம் கொண்டுவந்து உறையைப் பிரித்தார். மயில்கழுத்துக் கலர், ஓரமெல்லாம் தங்கக் கரை, விரல் வைக்கிற கட்டையில் சிப்பி பதித்து வரிசையாக மாங்காய். உன் அக்கா, “பட்டுப்பொடவ மாதிரி கீது” என்று கிட்டாருக்குத் திருஷ்டி சுற்றினாள். இளவரசி, “நல்லா கீது” என்றாள். அவள் சொல்கிற “நல்லா கீது” எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: “நைனா, பேஸ் வாசிக்கிறவ பின்னால நின்னுகினு பாட்டத் தாங்கிப் புடிக்கணும். இத மாட்டிக்கினா பாட்ட எவன் கேப்பான், எல்லாம் கிட்டாரத்தான் பாப்பான். எனக்கு மரம் மரமாத் தெரியணும், அதும் ரேக தெரியணும்.” இதையே போனில் அவரிடமும் சொல்லிவிட்டாள். அவர், “உனக்காகத்தான செஞ்சேன்” என்றாராம். இவள், “அப்ப என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றாளாம். அதோடு பேச்சு நின்றது.

நாமே சரிபண்ணிடலாம்னு எனக்கு ஒரு புத்தி தோணிச்சி பாரு. இளவரசி ஆபீசுக்குப் போனதும் கிட்டார உங்கக்காவோட பழம்பொடவைல சுத்தி, வண்டியில முன்னால நிக்கவெச்சிக்கினு, உத்திரமேரூர்ல டிராக்டருக்கு பெயிண்ட் அடிக்கிற கோபால்கிட்ட கிளம்பிட்டேன். வழியில ஒரு அம்மா வண்டிய நிறுத்தி, “கொயந்தைக்கு மூஞ்சியக் கொஞ்சம் தொறந்து வுடுப்பா, மூச்சு முட்டப் போவுது” ன்னாங்க. கோபால்கிட்ட, இதுமேல மரக் கலர் அடிச்சிக் குடுப்பான்னு கேட்டேன். “மரத்துமேல மரக் கலரா” ன்னுகினே பொடவயப் பிரிச்சவன் அப்படியே நின்னுட்டான். “இந்தக் கலர நான்தான் கலந்து குடுத்தேன். உங்க மாப்ள ஒரு நாள் பூரா இங்கியே உக்காந்துகினு, பச்ச தூக்கலா கீது, நீலம் தூக்கலா கீதுன்னு பேஜார் பண்ணிட்டாரு. அப்டி இன்னா கலருய்யா இதுன்னேன். தென்னேரி கச்சேரில அந்தப் பொண்ண மொதமொத பாத்தப்ப கட்டிக்கினு இருந்த பொடவண்ணே, மறக்கறதுக்குள்ள புடிச்சிடணும்னாரு.”

கிட்டார மறுபடியும் பொடவைல சுத்தப் போனேன். அந்த நேரம் பாத்து தின்னர் வாங்க உள்ள வந்தது யாருன்னா, சாட்சாத் மாப்பிள்ளையேதான். கிட்டாரப் பாத்தாரு. கோபால் கையில உப்புத்தாளப் பாத்தாரு. என்னியப் பாத்தாரு. “வணக்கம் மாமா, சாப்டீங்களா” ன்னாரு. தின்னர் வாங்காமலே போயிட்டாரு. அப்பலேர்ந்து போனு சுவிட்ச் ஆஃப். திட்டியிருந்தாக்கூட ஆறியிருப்பேன் மச்சான், சாப்டீங்களான்னு கேட்டதுதான் தாங்க முடியல.

சாயங்காலம் இளவரசி வந்ததும் நடந்தது அத்தனையும் சொல்லிட்டேன், பொடவக் கத உள்பட. கிட்டாரத் தூக்கிகினு உள்ள போயி கதவச் சாத்திட்டா. ராத்திரி வரைக்கும் தும் தும்னு ஒரே சத்தம், அடுப்படி அலமாரில டம்ளரெல்லாம் கூடவே ஆடுது. “கோவமா அழுவையான்னு கேட்டுச் சொல்லு” ன்றா உங்கக்கா. அந்த வாத்தியத்துல எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. இதுல எனக்கும் ஒரு குத்தல். “நான் எடுத்துக் குடுக்கிற கட்டம் போட்ட சட்டயத்தான கண்ணாலம் ஆனதுலேர்ந்து போட்டுக்கினு கீற, நீ ஒரு நாளு புடிக்கலன்னியா” ன்றா. மச்சான், உண்மையில எனக்குக் கட்டமே புடிக்காது. ஆனா வேற சட்ட போட்டுக்கினு வெளிய போனா எதையோ வூட்லயே வுட்டுட்டு வந்தாப்பல கீது. இத உங்கக்காகிட்ட சொல்லிடாத.

ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை அவசியம் புறப்பட்டு வரவேண்டியது. மாப்பிள்ளையிடம் மினுமினுப்பு கொஞ்சம் தூக்கல் என்று பக்குவமாகவும், இளவரசியிடம் வெறும் மரம் பார்க்க வேகாத சோறு மாதிரி இருக்கும் என்று கண்டிப்பாகவும் சொல்லி, கிட்டாரின் முன்பக்கம் அவர் கலருக்கு, பின்பக்கம் இவள் மரத்துக்கு என்று பேசி முடித்துத் தர வேண்டியது. மானாம்பதித் தெய்வங்கள் உன் குடும்பத்துக்கு நல்ல உடம்பும், உனக்கு நல்ல பேச்சும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கன்னியப்பன்.

பின்குறிப்பு: ஒட்டின கவரப் பிரிச்சி எழுதறேன். இப்பத்தான் மாப்பிள்ளை வந்தாரு, பையில உப்புத்தாளு, வார்னிஷ். “குடு, நானே மரம் தெரியறாப்பல ராவிக் குடுத்துடறேன்” ன்னாரு. இளவரசி கிட்டாரக் கட்டிப் புடிச்சிக்கினு, “ஒரு எடத்துல ஒறசினாலும் கண்ணாலம் கெடையாது” ன்றா. “உனக்குத்தான் புடிக்கலியே” ன்னாரு. “புடிக்கலதான். மாட்டிக்கினு வாசிக்கும்போது அதும் மூஞ்சி எனக்கு எங்க தெரியப் போவுது? எதிர்ல நின்னு பாக்கறவன் நீ” ன்னா. அவரு குடிக்கத் தண்ணி கேட்டாரு. இப்ப மறுபடியும் ரெண்டு பேரும் கத்திக்கினு கீறாங்க. அவரு மரந்தான் அழகுன்றாரு, இவ மயில்கழுத்துதான்றா. உங்கக்கா மாப்பிள்ளைக்கு பஜ்ஜி போட மாவு கரைக்கறா. ஆகையால மேல எழுதினது எல்லாம் ரத்து, ஞாயித்துக்கிழமை நீ வர வேணாம். வந்து சமாதானம் கிமாதானம் பண்ணிவெச்சி கெடுத்துடாத.