சனிக்கிழமைக்குள் கொஞ்சம் சீசியம்

சனிக்கிழமை மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள் என்று தெரிந்ததுமே அவர் சபதம் எடுத்துக்கொண்டார். தலையே போனாலும் இந்தத் தடவை அவர்களை உள்ளே விடப்போவதில்லை. போன தடவை மாமியார் வந்ததும் செய்த முதல் காரியம், அவருடைய ரேடியோவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்ததுதான். அப்புறம் பின்னறை பறிபோனது. சாய்வு நாற்காலியும் பறிபோனது. மனுஷர் சொந்த வீட்டில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கதிரியக்கம் அளக்கும் பிரிவில் உதவியாளர். பாலும் கீரையும் காளானும் வரும். ஈயப் பெட்டிக்குள் வைத்து அளப்பார். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?

அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைக்கிறாள்.

"போன வாரம் காட்டுக் காளான் வாங்கினோமே, அதுல சீசியமாம்."

மிஷின் நின்றது. "அப்படின்னா?"

"கதிரியக்கம். நல்லவேளை, நீ தொடக்கூட இல்ல. முழுசும் நான்தான் தின்னேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள போய் என்னங்க பண்ணும்?"

கேட்டதுதான் தாமதம், அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "உடம்புக்கு அது பொட்டாசியம் மாதிரி தெரியும். ஏமாந்து உள்ள விட்டுடும். குடல்லேர்ந்து ரத்தத்துக்குப் போகும், அங்கேர்ந்து சதைக்குப் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர்ல வெளியேறும். அரை ஆயுள் மூணு மாசம்."

"அரை ஆயுளா? உங்களுக்கா?" கண்ணில் நீர் திரண்டது.

"எனக்கில்லம்மா, சீசியத்துக்கு. மூணு மாசத்துல பாதி போயிடும். மிச்சத்துல பாதி போக இன்னும் மூணு மாசம்."

"போகாமலே தங்கறதும் உண்டா?"

"உண்டே. ஸ்ட்ரான்சியம்னு ஒண்ணு. கால்சியம் வேஷம் போட்டுட்டு வந்து எலும்புல உக்காந்துக்கும். வருஷக் கணக்கா நகராது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "நம்ம வீட்ல இருக்கறது ஒரே கழிவறை. உங்க அப்பா அம்மா வயசானவங்க. இந்த நேரத்துல அவங்க இங்க வந்து தங்கலாமா? நீயே சொல்லு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரண்ட கண்ணீர் விழவில்லை.

மறுநாள் காலையில் சொன்னாள். "உங்க ஆபீஸ் மேடத்துக்கு போன் பண்ணிட்டேன். அவங்க துணியெல்லாம் நான்தானே தைக்கறேன். அங்க ஆளையே படுக்க வெச்சு அளக்கற மிஷின் இருக்காமே. வெள்ளிக்கிழமை நம்மள வரச் சொல்லிட்டாங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உடம்பில் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயந்துதான் எல்லோரும் அந்தப் படுக்கையில் படுப்பார்கள். ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து படுத்தவர் அவர் ஒருவர்தான். அளவுக் கருவி தலைமாட்டிலிருந்து மெல்லக் கீழே நகர்ந்தது. கடவுளே, துளி சீசியம் கொடு, அது போதும் என்று வேண்டிக்கொண்டார்.

திரையில் ஒரு மேடு எழும்பியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் மனைவியிடம்.

"அது பொட்டாசியம்," என்றார் மேடம். "அதுக்கும் இயற்கையாவே துளி கதிரியக்கம் உண்டு. வாழைப்பழம், உருளைக்கிழங்குன்னு சாப்பிடற எல்லார் உடம்புலயும் இருக்கும். இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, இது தெரியாதா? சீசியம் துளிகூட இல்ல. ஆமா, எந்தக் காளானைச் சொல்றீங்க? போன வாரம் காளானே சோதனைக்கு வரலியே."

மனைவி தைத்துக் கொண்டுவந்த துணியை மேடத்திடம் கொடுத்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் நிறுத்தம் வரை அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். திட்டியிருந்தால்கூட வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

"அன்னிக்கு நிஜமாவே பயந்துட்டேங்க," என்றாள் கடைசியில். "எங்க அப்பா அம்மா பேச்சை எடுத்தீங்களோ இல்லியோ, எனக்கு மூச்சு வந்துது."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "தப்புதான். நாளைக்கு நானே போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன். எத்தனை நாள் இருப்பாங்க?"

"அப்பா சீசியம்ங்க. மூணு மாசத்துல கெளம்பிடுவார்."

"அத்தை?"

பஸ் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா ஸ்ட்ரான்சியம்."