பாக்கால் ராசாவின் வெள்ளைக் குதிரை

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் ஷாஃப்ஹவுசன் நகர மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கால்வைக்க இடமில்லை. கடவுளைப் பார்க்க வந்த கூட்டமல்ல. அவருக்குத்தான் திரிம்பாக் ஊரில் கோயில் இருக்கிறதே. இவர்கள் பார்க்க வந்தது பாக்கால் ராசாவை. மெக்சிக்கோக் காட்டில் ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் ஆண்ட மாயா அரசன், உலகத்தில் வேறு ஆளே கிடைக்காமல், போன வருடம் வரை இன்சூரன்ஸ் விற்ற தயாநிதியின் உடம்பில் வந்து இறங்குகிறாராம். அதுவும் சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறாராம். ராசாவுக்குச் சாதகம்கூடக் கணித்தாயிற்று: சிம்ம ராசி, மக நட்சத்திரம்.

பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அக்கா ஜெயந்திக்கு மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை, கல்யாணச் சாதகம் வைப்பதுபோல, தயாநிதியின் காலடியில் வைத்துக் கேட்டுவிட்டாள் அக்கா. "கத்தி படக்கூடாது, இந்தப் பச்சைக்கல்லைக் கழுத்தில கட்டு, கட்டி கரையும்" என்று ராசா உத்தரவு. கல்லுக்குக் காணிக்கை அக்காவின் இரண்டு காப்பு. ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரி குறித்துக் கொடுத்த டெர்மினை நாளைக்கு ரத்துச்செய்யப் போகிறாளாம்.

மாயா அரசர்களைப் பற்றிய நூலகத்துப் புத்தகம் ஒன்றை இரண்டு நாள் புரட்டிவிட்டு வந்திருந்தாள் பவதாரணி. தயாநிதி ஆடி முடிந்ததும் பவ்வியமாகக் கைகூப்பி எழுந்தாள்.

"ராசா, பன்னிரண்டு வயதில உங்களுக்கு முடி சூட்டினவையெல்லோ. அண்டைக்கு நீங்கள் ஏறி வந்த குதிரை என்ன நிறம்?"

"வெள்ளை," என்றார் ராசா, கண்ணை மூடியபடி. "மின்னல் எண்டு பேர். இப்பவும் கனவில வந்து அழுகுது."

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். செத்த குதிரைக்கு அழ நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டுமா?

"அந்த நாட்டில அப்ப குதிரையே இல்லை, ராசா." பவதாரணி புத்தகத்தை விரித்தாள். "நீங்கள் செத்து எண்ணூறு வருசத்துக்குப் பிறகு ஸ்பெயின்காரர்தான் கப்பலில கொண்டுவந்தவை."

ராசா இருமினார். பிறகு தயாநிதி இருமினான். "அது... ஆன்மீகக் குதிரை, தங்கச்சி."

"ஓம். இந்தப் படத்தையும் பாருங்கோ. உங்கட கல்லறை. முகம் முழுக்கப் பச்சைக்கல் முகமூடி. இவ்வளவு கல்லு வைச்சிருந்த மனிசனே எண்பது வயதில செத்துப்போனார். என்ர அக்காவின்ர கட்டியைக் கரைக்க இந்த ஒரு துண்டு காணுமோ?"

ஜெயந்தி கழுத்துக் கல்லை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"என்ர காப்பைத் தாங்கோ, தயாநிதி. செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

பாக்கால் குதிரை ஏறியதே இல்லை. ஏறியவன் தயாநிதி, அதுவும் ஒரு குதிரையல்ல, மண்டபம் நிறையக் குதிரைகள். இன்னும் குனிந்தே நிற்பவர்களே, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். மேலே தலை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியும்.